பால்கனியில் சமையல் கழிவு உரம்: ஈரம் அடங்கினால் நாற்றமும் அடங்கும்

கோவையில் குப்பையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு வெள்ளலூரில்தான் போய் நிற்கும். 2024 ஏப்ரலில் அங்கே குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்துகொண்டே இருந்தது. காற்றுப் படாமல் அமுங்கிக் கிடக்கும் சமையல் கழிவு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. அது எளிதில் எரியும் வாயு. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி இந்த ஈரக்குப்பைதான். அதை வீட்டிலேயே உரமாக்கி நிறுத்திவிட்டால், மிச்சமுள்ள காகிதமும் பிளாஸ்டிக்கும் நனையாமல் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்கிற நிலையில் இருக்கும். மஞ்சப்பை, எவர்சில்வர் தூக்கு எல்லாமே நல்ல பழக்கங்கள். ஆனாலும் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதை முதலில் செய்யுங்கள்.

வாளி

பெயிண்டரிடம் சொல்லி வைத்தால் 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியோடு கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பி மக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் போட்டு வரலாம். பக்கங்களில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகவும் அடியில் ஏழெட்டும் துளை போடுங்கள். கம்பியைக் காய்ச்சிக் குத்துவதைவிட டிரில் மெஷின் நல்லது. பிளாஸ்டிக் கருகும் புகை வீட்டுக்குள் வேண்டாம். வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

கடைகளில் அடுக்கு மண்பானைகளும் விற்கிறார்கள். மண்ணில் காற்று நன்றாகப் போகும், எனக்கு அதுதான் பிடிக்கும். விலைதான் கூடுதல். கரண்டில் ஓடும் உரப்பெட்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரும்பாலானவை கழிவைக் காயவைத்து அரைத்துக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். மக்கும் வேலை அப்புறமும் பாக்கி இருக்கும்.

நார்த்தூள்: இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்

காய்கறிக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். அதைச் சமன் செய்யக் கார்பன் நிறைந்த காய்ந்த பொருள் ஒன்று வேண்டும். சருகு, மரத்தூள் எதுவானாலும் ஆகும். ஆனால் நம் பக்கத்தில் பொள்ளாச்சி, ஆனைமலை, காங்கேயம் என்று எங்கே போனாலும் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மஞ்சி மில் இருக்கும்போது தென்னை நார்த்தூளை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் அது.

சிக்கல் என்னவென்றால், நகரத்துக் கடைகளில் அது அழுத்திய கட்டியாகத்தான் கிடைக்கிறது. ஐந்து கிலோ கட்டியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு உதிர்க்கச் சொல்லி உறையில் அச்சடித்திருப்பார்கள். அது செடி நடுகிறவர்களுக்குச் சொன்னது. உரம் போடுகிறவர் அப்படிச் செய்தால், தூள் முன்னமே தண்ணீர் குடித்து நிறைந்துவிடும். அப்புறம் தக்காளித் தோலின் சாற்றை அது எங்கே இழுக்கும்? சாறு அடியில் தேங்கும், காற்றுப் போகும் இடைவெளி அடைபடும், நான்கைந்து நாளில் நாற்றம் கிளம்பும். பால்கனிக்கு வெளியே வந்து, "என்ன கண்ணு, உங்க பக்கமிருந்து ஒரு மாதிரி வாசம் வருது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்பார். பெரும்பாலோர் அந்த வாரமே வாளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அதனால் கட்டியை ஊறப்போடாமல் உடைக்க வேண்டும். உலர்ந்த கட்டி கல்லாக இருக்கும், சுத்தியலால் அடித்தால் பறந்து சிதறும். ஒரு சாக்குப்பைக்குள் போட்டு, மேலாகக் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஓரங்கள் பொருபொருவென்று கழன்று வரும். கழன்றதை மட்டும் சுரண்டி எடுத்து, மொட்டை மாடியில் பரப்பி இரண்டு வெயில் காயவையுங்கள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் தூசியாக ஒழுக வேண்டும், அதுதான் பதம்.

இதைவிட எளிய வழி, பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது மில்லில் உதிரித் தூளாகவே ஒரு மூட்டை வாங்கி வருவது. "கழுவின தூளுங்களா, உப்பு இருக்குமுங்களா?" என்று கேட்டு வாங்குங்கள். கழுவாத தூளில் உப்பு தங்கியிருக்கும், பின்னால் செடிக்கு ஆகாது.

போட ஆரம்பிப்பது

வாளியின் அடியில் தேங்காய் மட்டையைச் சிறு துண்டாக நறுக்கி நான்கு விரல் உயரத்துக்கு அடுக்குங்கள். மேலே நார்த்தூள் ஒரு கை அகலம். ஆரம்பிக்கும்போது மட்டும் பழைய உரமோ சாணமோ ஒரு கைப்பிடியும், அரை டம்ளர் புளித்த மோரும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிவை மக்கவைக்க என்று கடையில் விற்கும் பொடிகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

தினமும் சமையல் முடிந்ததும் கழிவை விரல்நீளத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அதே அளவு நார்த்தூளைப் போட்டு மூடுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் தூள். தர்பூசணித் தோல், பூசணிக் குடல், வெள்ளரி போட்ட நாளில் ஒன்றரைக் கிண்ணம். கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடியிருந்தால் பழ ஈ வராது. வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிடுங்கள்.

டீத்தூளை அலசிப் பாலும் சர்க்கரையும் போனபின் போடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிக்கொள்ளுங்கள். சாமிக்குப் போட்ட மாலையில் பிளாஸ்டிக் நூலும் ஜரிகையும் இருக்கும், உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள். கறி, மீன், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு இவை வேண்டாம். கொட்டாங்குச்சியும் மாங்கொட்டையும் வாளியில் மக்காது.

ஈரம் பார்க்கும் விதம்

நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் தூள் போதவில்லை. பிழிந்ததும் உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, அரிசி கழுவின தண்ணீரைத் தெளியுங்கள்.

சித்திரை வெயிலில் வாளி சீக்கிரம் காய்ந்துவிடும். எறும்பு வந்தால் அதுதான் அறிகுறி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலையும் சேர்த்துக்கொண்டு வரும், மேற்குப் பார்த்த பால்கனியில் மூடிக்குள்ளேயே தண்ணீர் இறங்கிவிடும். அந்த மாதங்களில் வாளியைக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் துளைகளின் மேல் பழைய பனியன் துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

தட்டில் வடியும் பழுப்புத் தண்ணீரை அமிர்தம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாறும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். நாறவில்லை என்றாலும் பத்துப் பங்கு தண்ணீர் கலந்துதான் விட வேண்டும். ஈரம் சரியாக இருக்கும் வாளியில் அது வடிவதே குறைவு.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

புழு பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். தட்டையாக, சாம்பல் கலந்த வெள்ளையில் கொழுகொழுவென்று நெளிபவை கறுப்புப் படைவீரர் ஈ என்ற ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் தூளைக் கூட்டி ஈரத்தைக் குறையுங்கள், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் தூவுங்கள். தானாகக் குறைந்துவிடும்.

மூன்று மாதமாகியும் பழுப்புத் தூள் அப்படியே தெரிகிறது, மக்கவில்லையா என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நார்த்தூளில் லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள் மிகுதி, அது மக்க வெகுகாலம் எடுக்கும். காய்கறித் துண்டு எதுவும் அடையாளம் தெரியாமல், கிளறினால் சூடோ புளிப்பு வாசமோ இல்லாமல் மண் வாசம் மட்டும் வந்தால் உரம் தயார். அரிசி சலிக்கும் சல்லடையில் சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்று கலந்து கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் போடுங்கள். சல்லடையில் நின்ற கட்டிகளை அடுத்த வாளியின் அடியில் போட்டால் சாணமும் மோரும் தேவைப்படாது.