டாக்டர் மீது யார் புகார் கொடுக்கலாம்?

நோயாளி மட்டும்தான் புகார் கொடுக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்: மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர்கூட. ஆனால் அப்பாவுக்காக மகன் எழுதுகிறார் என்றால், மருத்துவப் பதிவேடுகளைப் பெற அப்பாவின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் எனப்படும் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் செல்லாது. கமிஷனர் ஃபார் ஓத்ஸ் போன்ற, உறுதிமொழி வாங்க அதிகாரம் பெற்றவர் முன்னிலையில்தான் போட வேண்டும். பில், மருந்துச்சீட்டு, வாட்ஸ்அப் படங்கள் போன்ற இணைப்புகளையும் அப்போதே எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம், அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்ததுபோல் எழுத வேண்டாம். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பது குற்றம்.

வழக்கறிஞர் மீதான புகார் சட்டச் சங்கத்துக்குப் போகும். அங்கும் இதே உறுதிமொழி உண்டு. அரசு அதிகாரி பதவி முறையில் கொடுத்தால் தேவையில்லை. தாதியர், பல் மருத்துவர்களுக்குத் தனித்தனி மன்றங்கள்.

நஷ்டஈடு எதிர்பார்த்து மருத்துவ மன்றத்துக்குப் போகாதீர்கள். அது எச்சரிக்கை, அபராதம், பதிவு நிறுத்தம் என டாக்டரைத்தான் கண்டிக்கும். பணத்துக்கு வழி சமரசப் பேச்சு, இல்லையென்றால் நீதிமன்றம்.