கஹோன் கத்துக்கணுமா, கம்பி இல்லாத பெட்டிய வாங்குங்க

பெட்டி மேல உக்காந்து அதே பெட்டிய தட்டுறது, இதுல கத்துக்க என்ன இருக்குன்னுதான் நானும் நெனச்சேன். ரெண்டே நாள்ல விரல் நுனி வீங்கி டீ டம்ளர் புடிக்க முடியாம போனப்பதான் புத்தி வந்துச்சு.

கஹோன் பெரு நாட்டு வாத்தியம். அந்த ஊர் கடலோரத்துக்கு அடிமைகளா கொண்டு வந்த ஆப்பிரிக்க மக்களோட வழில வந்தது, 2001ல அரசாங்கம் தேசிய பாரம்பரியம்னே அறிவிச்சிருச்சு. ஆனா நெறைய பேர் இத ஸ்பெயின் சமாச்சாரம்னு நெனச்சுட்டு இருக்காங்க. 1970கள் கடைசில ஸ்பெயின் கிட்டார் கலைஞர் பாகோ தே லூசியா பெரு போனப்ப அந்த ஊர் கஹோன் கலைஞர் கைத்ரோ சோத்தோகிட்ட இருந்து வாங்கிட்டு வந்தாரு, அப்புறம்தான் ஸ்பெயினோட ஃபிளமென்கோ இசைல நுழைஞ்சுது.

இந்தக் கதை எதுக்குன்னா, கடைல கிடைக்கிறது முக்காவாசி ஃபிளமென்கோ வகை, முன்பலகைக்கு உள்பக்கம் கம்பி இருக்கும், தட்டுனா கூடவே சர்ருனு ஒரு சத்தம் வரும். பெரு கஹோன்ல அது கிடையாது, வெறும் மரம். நான் தெரியாம கம்பி வச்சத வாங்கி மூணு மாசம் "நல்லாத்தான் வாசிக்கிறோம்"னு திரிஞ்சேன், கம்பியக் கழட்டுன அன்னைக்கு என் அடி எவ்ளோ மொக்கைன்னு தெரிஞ்சுது. சர்ருனு வர்றது தப்ப எல்லாம் மூடி மறைச்சிரும், வெறும் மரம் காட்டிக் குடுத்துரும்.

உக்கார்றப்ப முதுகு நேரா, கால் ரெண்டு பக்கமும். பின்னாடி ஓட்டை இருக்கும், அத செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க.

ரெண்டு சத்தம் போதும் ஆரம்பத்துக்கு. கனமான சத்தத்துக்கு மேல் விளிம்புல இருந்து ஒரு சாண் கீழ உள்ளங்கையோட அடிச்சு உடனே எடுத்துரணும், தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்து கைய எடுப்போம்ல, அந்த வேகம். கை பலகைலயே தங்குனா சத்தம் செத்துரும். இன்னொன்னு விளிம்புல, விரல தளர்வா விட்டு நுனி மட்டும் படணும், கட்டைவிரல் மேல தூக்கியே இருக்கட்டும், இல்லன்னா விளிம்புல மோதி உயிர் போயிரும்.

தாளத்துக்கு முதல்ல வால்ஸ்னு சொல்ற தாளத்தப் புடிங்க, மூணு எண்ணிக்கை, நம்ம தகிடதான். 'த' கனமா, 'கிட' ரெண்டும் விளிம்புல. மெட்ரோனோம், அதான் டிக் டிக்னு தாளம் எண்ணிக் குடுக்கிற கருவி, வேணாம்னு சொல்லல, ஆனா பாட்டப் போட்டு முதல்ல கைதட்டுங்க. பெரு தலைநகர் லிமால பார்ராங்கோ பக்கம் பேன்யான்னு சொல்ற பாட்டு விடுதிகள்ல கேக்க வந்தவங்களும் கை தட்டிட்டுதான் இருப்பாங்க, தாளம் மேடைல மட்டும் இருக்காது. அக்டோபர் 31 அங்க கிரியோல்யா பாட்டு நாள், கிரியோல்யான்னா இந்த வால்ஸ் மாதிரி பெரு கடலோரப் பாட்டு, அன்னைக்கு வர்ற வீடியோக்கள்ல வாசிக்கிறவர் கைய மட்டும் பாத்துட்டே இருங்க.

அடுத்தது ஃபெஸ்தெஹோன்னு ஒரு ஆப்பிரிக்க-பெரு தாளம், நாலு தகிட வேகமா, ஒவ்வொரு 'த'வுக்கும் கால் தட்டணும், கை எங்க போனாலும் கால விட்டுராதீங்க. லான்தோன்னு இன்னொரு தாளம் கடைசில. மெதுவாத்தான் போகும், ஆனா முதல் தட்டு எங்க விழுதுன்னு கண்டுபுடிக்கிறதுக்குள்ள அடுத்த சுத்து வந்துரும், நான் இன்னும் அங்கதான் நிக்கிறேன்.