பைபிளில் ‘நரகம்’ என்று வந்தால் மூலத்தில் என்ன சொல் என்று பார்ப்பது எப்படி?

நரகத்தைப் பற்றி யாராவது வசனம் காட்டி வாதாடினால், முதலில் மூலச்சொல்லைப் பாருங்கள், வாதம் அப்புறம். எபிரேயம், கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. ஸ்ட்ராங் எண்கள் (பைபிளின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த எண்) காட்டும் ஒரு பைபிள் செயலியில் அந்த வசனத்தை கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் திறந்து, சொல்லைத் தொட்டால் எண் வரும். பழைய ஏற்பாட்டில் 7585 என்றால் ஷியோல். புதிய ஏற்பாட்டில் 86 ஹேடிஸ், 1067 கெஹென்னா, 5020 டார்டரஸ்.

ஷியோல் என்றால் செத்தவர்கள் போகும் இடம், அவ்வளவுதான். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, நானும் அங்கே மகனிடம் இறங்கிப் போவேன் என்றுதான் அழுகிறார் (ஆதியாகமம் 37:35). கிங் ஜேம்ஸ்காரர்கள் இதே சொல்லை 31 இடத்தில் நரகம், 31 இடத்தில் கல்லறை, 3 இடத்தில் குழி என்று போட்டுவிட்டார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ‘பாதாளம்’ என்கிறது, ஆனால் சில இடங்களில் ‘நரகம்’ என்றும் போடுகிறது, உதாரணமாக சங்கீதம் 9:17-இல் ‘நரகத்திலே தள்ளப்படுவார்கள்’ என்று வரும். அங்கேயும் மூலத்தில் ஷியோல்தான்.

ஹேடிஸ் அதற்குக் கிரேக்கத்தில் போட்ட சொல். சங்கீதம் 16:10-ஐயும் அப்போஸ்தலர் 2:27-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆனால் லூக்கா 16-இல் இயேசு சொல்லும் கதையில் ஐசுவரியவான் ஹேடிஸில் வேதனைப்படுகிறான், ஆக அதற்குள் கருத்து நகர்ந்திருக்கிறது. அகராதியை மட்டும் நம்பாதீர்கள்.

நேரம் செலவழிக்க வேண்டியது கெஹென்னாவில். இது எருசலேமை ஒட்டிய நிஜமான பள்ளத்தாக்கு, இன்னோம் பள்ளத்தாக்கு. எரேமியா 7:31-32 (அங்கே பிள்ளைகளைத் தீயில் எரித்தார்கள்), 2 இராஜாக்கள் 23:10 (யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டாக்கினான்), ஏசாயா 66:24 (சாகாத புழு, அவியாத நெருப்பு), பிறகு மாற்கு 9:43-48, இந்த வரிசையில் படித்தால் இயேசு எதை நினைத்துப் பேசினார் என்பது பிடிபடும். புதிய ஏற்பாட்டில் 12 இடம், அதில் 11 இயேசு சொன்னது, மீதி ஒன்று யாக்கோபு 3:6. பவுல் இந்தச் சொல்லைத் தொடவே இல்லை. அது ஊர்க் குப்பை எரிந்த இடம் என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அதை விட்டுவிடுங்கள்: சுமார் கி.பி. 1200-இல் டேவிட் கிம்கி என்ற யூத ரபி எழுதியதற்கு முன் அப்படி ஒரு குறிப்பு கிடைக்கவில்லை.

டார்டரஸ் (கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் அடி ஆழத்துச் சிறை) ஒரே இடம், 2 பேதுரு 2:4. அதுவும் பாவம் செய்த தூதர்களுக்கு.

கடைசியாக வெளிப்படுத்தல் 20:14. மரணமும் ஹேடிஸும் அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன. ஹேடிஸை நரகம் என்று வைத்துக்கொண்டால் நரகத்தையே நரகத்தில் தள்ளியதாக ஆகிவிடும், எனவே இங்கே தமிழில் இருக்கும் ‘பாதாளம்’ என்பதையே வைத்துப் படியுங்கள்.