பிரீமியரில் எடிட், டாவின்சியில் கலர்: டைம்லைனைச் சிதறாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் எடிட் முடிந்தது, இனி கலர் கிரேடிங் (நிறத்தைச் சீர்செய்து மெருகேற்றுவது) என்று ஆசையாக டைம்லைனை, அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிய எடிட்டை, டாவின்சி ரிசால்வ் என்ற கலர் மென்பொருளுக்குள் இறக்குவோம். பார்த்தால் பாதி ஷாட்டுகள் சிவப்பாக, 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கும். மீதிப் பாதியில் ஒருவர் தலை வெட்டுப்பட்டிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் உடனே ரிசால்வில் கோளாறைத் தேடுவார்கள். நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே எடிட் டைம்லைனில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அனுப்புவதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

எது பயணம் செய்கிறது?

பிரீமியரிலிருந்து ரிசால்வுக்கு டைம்லைனை எக்ஸ்எம்எல் (XML) என்ற ஃபைலாக அனுப்புகிறோம். அந்த ஃபைலுக்குள் படம் கிடையாது, குறிப்பு மட்டும்தான் உண்டு. எந்த வீடியோ ஃபைல், அதில் எந்த டைம்கோடிலிருந்து எதுவரை, எந்த டிராக்கில், எந்த இடத்தில் என்பதை அது சொல்லும். டைம்கோட் என்பது மணி:நிமிடம்:நொடி:ஃப்ரேம் என்ற எண். உதாரணத்துக்கு, 01:04:12:08 முதல் 01:04:15:20 வரை எடு என்று இருந்தால், ரிசால்வ் அசல் ஃபைலைத் தேடிப்போய் அந்தத் துண்டை எடுத்து வைக்கும். ஃபைலின் பெயரை நடுவில் மாற்றினாலோ, ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் இல்லாவிட்டாலோ அதற்கு வேறு வழியில்லை. எனவே எக்ஸ்எம்எல்லோடு அசல் வீடியோக்களும் கூடவே போக வேண்டும்.

இடிஎல் (EDL) என்ற பழைய குறிப்பு வடிவமும் உண்டு. ஒரே ஒரு வீடியோ டிராக்கைத்தான் அது சுமக்கும், ஷாட்டைப் பெரிதாக்கிய அளவுகளும் அதில் வராது. தொடக்கத்தில் எக்ஸ்எம்எல் போதும். பிரீமியர் தருவது ஃபைனல் கட் ப்ரோ 7 காலத்து எக்ஸ்எம்எல். அந்த மென்பொருளை ஆப்பிள் 2011-இல் நிறுத்திவிட்டது, வடிவம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிய ஃபைனல் கட்டின் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 1: டைம்லைனைச் சுத்தம் செய்யுங்கள்

பிக்சர் லாக் ஆகட்டும், அதாவது இனி கட் மாறாது என்று முடிவாகட்டும். கட் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் அனுப்பவே வேண்டாம். லாக் ஆனதும் சீக்வென்ஸை (பிரீமியரில் டைம்லைனுக்கு அந்தப் பெயர்) ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

நகலிலிருந்து டைட்டில், அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் (கீழுள்ள ஷாட்டுகள் எல்லாவற்றுக்கும் எஃபெக்ட் கொடுக்கும் அடுக்கு), லுமெட்ரி கலர் (பிரீமியரின் கலர் எஃபெக்ட்) எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆடியோவும் போக வேண்டியதில்லை. மல்டிகேம் (பல கேமராக்களைச் சேர்த்த) கிளிப்புகளை ஃபிளாட்டன் செய்து, தேர்ந்தெடுத்த கேமராவின் சாதாரண கிளிப்பாக்குங்கள், நெஸ்ட் செய்தவற்றை (ஒரு சீக்வென்ஸுக்குள் இன்னொன்றாக வைத்தவற்றை)ப் பிரித்துவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலிருந்து இணைத்த ஷாட்டையும், வார்ப் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) போட்ட ஷாட்டையும் ரிசால்வ் படிக்காது. அவற்றைத் தரமான வீடியோவாக ரெண்டர் செய்து அதே இடத்தில் வையுங்கள். அப்புறம், நான்கைந்து டிராக்குகளில் சிதறிக் கிடக்கும் ஷாட்டுகளை முடிந்தவரை முதல் டிராக்குக்கு இறக்குங்கள்.

ஷாட்டின் அளவு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு குறும்படத்தில் 4கே ஷாட்டுகளை எச்டி சீக்வென்ஸில் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' கொடுத்துச் சுருக்கியிருந்தேன். ரிசால்வில் ஒரு குளோசப் கூட நான் வைத்த இடத்தில் இல்லை. அந்தக் கட்டளை படத்தைச் சுருக்கும், ஆனால் ஸ்கேல் எண்ணை 100 என்றே விட்டுவிடும். அதனால் சுருக்கிய செய்தி குறிப்பில் ஏறுவதில்லை. எஃபெக்ட் கண்ட்ரோல்ஸில் ஸ்கேல் 50 என்று எண்ணாகவே தெரிந்தால்தான் அது பயணம் செய்யும். 'செட் டு ஃப்ரேம் சைஸ்' அதைச் செய்யும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர் மாறலாம், நீங்கள் அந்த எண்ணைப் பாருங்கள்.

ஃபோனில் எடுத்த ஷாட்டுகள் இருந்தால் இன்னொரு கவனம். பல ஃபோன்கள் ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. அப்படிப்பட்ட ஷாட்டில் கட் சில ஃப்ரேம்கள் தள்ளி விழலாம். எடிட் தொடங்கும் முன்பே நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

படி 2: இரண்டு ஃபைல்கள் எடுங்கள்

முதலாவது, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல். இரண்டாவது, அதே சுத்தம் செய்த சீக்வென்ஸின் ரெஃபரன்ஸ் வீடியோ. சிறிய எச்.264 ஃபைல் போதும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஷாட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

படி 3: ரிசால்வில் இறக்குதல்

புதிய புராஜெக்ட் திறந்ததும் முதல் வேலை, புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் ஃப்ரேம் ரேட். மீடியா பூலில் (ரிசால்வ் கிளிப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) கிளிப் ஏறிவிட்டால் பிறகு அதை மாற்ற விடாது. 23.976-க்குப் பதில் 24 என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு ஃப்ரேம் விலகும். பத்து நிமிடப் படத்தில் அது 14 ஃப்ரேம்.

சரி, இப்போது ஃபைல், இம்போர்ட், டைம்லைன் வழியாக எக்ஸ்எம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். கிளிப்புகளைத் தானே மீடியா பூலில் சேர்க்கும் தேர்வும், சைஸிங் தகவலை (ஷாட்டின் அளவு, இடம்) பயன்படுத்தும் தேர்வும் டிக் ஆகியிருக்கட்டும். ஃபைல் கிடைக்கவில்லை என்றால் எந்த ஃபோல்டர் என்று கேட்கும், காட்டுங்கள்.

படி 4: சரிபார்த்தல்

ரெஃபரன்ஸ் வீடியோவை எல்லாவற்றுக்கும் மேல் டிராக்கில் வைத்து, காம்போசிட் மோடை (மேல் படம் கீழ்ப் படத்தோடு கலக்கும் விதம்) 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். மேலும் கீழும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும். லேசான புகைபோன்ற இரைச்சல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது எச்.264 சுருக்கத்தின் தடம். உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவோ இடமோ மாறியிருக்கிறது. அசைவு வரும்போது மட்டும் இரட்டை உருவம் தெரிந்தால் ஷாட் ஓரிரு ஃப்ரேம் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் நின்று பாருங்கள். வேகத்தைப் படிப்படியாக மாற்றிய ஷாட்டுகளில் கூடுதல் நேரம் செலவிடுங்கள், அதிகம் பிசகுவது அவைதான். எல்லாம் சரியான பிறகு அந்த டிராக்கை அணைத்துவிட்டு கலர் பக்கத்துக்குப் போங்கள்.

படி 5: திரும்பி வருதல்

ரிசால்வின் டெலிவர் (ரெண்டர் செய்யும்) பக்கத்தில் பிரீமியர் எக்ஸ்எம்எல் பிரீசெட்டை எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி ஃபைலாகவும், கூடவே ஒரு புதிய எக்ஸ்எம்எல்லும் வரும். ஹேண்டில், அதாவது ஷாட்டின் இரு முனையிலும் விடும் மிச்சம், 12 ஃப்ரேம் கொடுங்கள். 24 ஃப்ரேம் டைம்லைனில் மேலே சொன்ன ஷாட் 01:04:11:20 முதல் 01:04:16:08 வரை ரெண்டர் ஆகும். டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) போடவும், கட்டை ஓரிரு ஃப்ரேம் நகர்த்தவும் அந்த மிச்சம் உதவும். ஒரே அசல் ஃபைலிலிருந்து இரண்டு ஷாட் எடுத்திருந்தால் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படாமலிருக்க, தனித்துவமான ஃபைல் பெயர் தேர்வை டிக் செய்யுங்கள்.

கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் வையுங்கள். கடைசி எக்ஸ் இல்லாத டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ 8 பிட்தான், நிறத்தின் படிகள் அதில் குறைவு. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வானத்தின் மெல்லிய நிறமாற்றம் அதில் பட்டை பட்டையாக உடையும்.

பிரீமியரில் புதிய எக்ஸ்எம்எல்லை இம்போர்ட் செய்து, கலர் செய்த கிளிப்புகளை, நகல் எடுக்கும் முன் இருந்த அசல் சீக்வென்ஸில் பழைய ஷாட்டுகளுக்கு நேர் மேலே ஒட்டுங்கள். டைட்டில்களை அவற்றுக்கும் மேல் டிராக்குக்கு ஏற்றிவிடுங்கள். பழைய அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் ஏதும் மேலே மிச்சமிருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கலரின்மேல் கலர் ஏறும். ஆடியோவை யாரும் தொடவில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

படம் முழுவதையும் ஒரே நீள வீடியோவாக எடுத்து வருவது எளிதுதான். இருந்தாலும் நான் தனித்தனி ஃபைலையே சொல்வேன். நாளைக்கு ஒரு முகம் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று தோன்றினால், அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து, பெயர் முன்பு இருந்ததுதானா என்று பார்த்து, பழைய ஃபைல் இருந்த இடத்தில் வைத்தால் போதும். பிரீமியரை மறுபடி திறக்கும்போது டைம்லைன் புதியதை எடுத்துக்கொள்ளும்.