உரிமம் புதிய கணினிக்கு வந்தது

புதிய கணினியில் விண்டோஸின் 25 எழுத்து உரிமச் சாவியை உள்ளிட்டேன், ஏற்கவில்லை. அதே சாவி பழைய கணினியிலும் இருந்தது. முதலில் பழையதில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, உரிம விவரத்தைப் பார்க்க எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையைச் சாய்கோடு டிஎல்ஐ (slmgr /dli) சேர்த்து இயக்கினேன். சிறு பெட்டியில் ‘ரீடெயில்’, அதாவது தனியாக வாங்கிய உரிமம், என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி; அதை வேறு கணினிக்கு மாற்றலாம். ‘ஓஇஎம்’, அதாவது கணினியோடு சேர்ந்தே வந்தது, என்றிருந்தால் உரிமம் அந்தக் கணினியோடு முடிந்துவிடும். பலருக்கு இது தெரிவதில்லை.

பிறகு அதே கட்டளைக்குச் சாய்கோடு யுபிகே (/upk) கொடுத்துப் பழைய கணினியிலிருந்து சாவியை நீக்கினேன். புதியதில் அப்போதும் மறுப்புதான். உரிமத்தை முன்பே என் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தது கைகொடுத்தது: புதிய கணினியின் அமைப்புகளில் உள்ள செயலாக்கப் பக்கத்தின் பிழைதீர்ப்பியில் ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைச் சொடுக்கி, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். உரிமம் செயல்பாட்டுக்கு வந்தது. இரண்டு கணினியிலும் விண்டோஸின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஹோம் பதிப்பின் உரிமம் புரோ பதிப்புக்குச் செல்லாது.