பிளவுப் பள்ளத்தாக்கின் பாறையடுக்குகளும் ஆதிமனிதப் புதைபடிவங்களின் வயதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆதிமனிதப் புதைபடிவம் ஒன்றின் வயது 20 லட்சம், 30 லட்சம் ஆண்டுகள் என்று படிக்கும்போது, அந்த எலும்பையே அளந்து வயதைக் கண்டறிந்தார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எலும்பை நேரடியாக அளக்கப் பயன்படும் கதிரியக்கக் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம் (அது பாதியாகச் சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 5,730 ஆண்டுகளே ஆதலால், சுமார் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பில் அளப்பதற்குப் போதிய அளவு அது மிஞ்சுவதில்லை. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த லூசி என்ற ஆதிமனித எலும்புக்கூட்டுக்குச் சொல்லப்படும் 32 லட்சம் ஆண்டு வயது, அங்குள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து பெறப்பட்டது. சாம்பலிலுள்ள படிகங்களில் பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாக மாறியிருக்கும் அளவு, எரிமலை வெடித்த காலத்தைத் தருகிறது. அந்தச் சாம்பலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவை நிலவியலாளர்தான் தனியே நிறுவியாக வேண்டும்.

சாம்பல் அடுக்கின் வயதை ஐயத்துக்கு இடமற்றதாகக் கொள்வது அடுத்த தவறு. கென்யாவின் துர்க்கானா ஏரிக்குக் கிழக்கே கூபி ஃபோராவில் உள்ள கே.பி.எஸ். சாம்பல் அடுக்கிலிருந்து முதலில் எடுத்த மாதிரிகள் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதைக் காட்டின. ஆறு அடித்துவந்த சாம்பலில் பழம்பாறைத் துகள்கள் கலந்திருந்ததே காரணம். துகள்களைப் பிரித்து மீண்டும் அளந்தபோது 26 லட்சம் ஆண்டுகள் என்ற விடை வந்தது. 1972இல் தொல்மானிடவியலாளர் ரிச்சர்ட் லீக்கியின் குழுவினர் அந்த அடுக்குக்குக் கீழே கண்டெடுத்த 1470 என்ற எண்ணுடைய மண்டையோடு, அதனால் ஏறத்தாழ 29 லட்சம் ஆண்டுப் பழமை உடையதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே படிவுகளில் கிடைத்த பன்றிப் புதைபடிவங்கள், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சுமார் 20 லட்சம் ஆண்டு வயதுள்ள அடுக்குகளில் கிடைத்த பன்றிகளை ஒத்திருந்தன. நெடுங்காலம் நீடித்த வாதத்துக்குப் பின், சாம்பலின் வயது ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுகள் என்று உறுதியாயிற்று. கருவி தந்த எண்ணைப் பன்றிப் பல் திருத்த நேர்ந்த இந்த நிகழ்வை, இத்துறையைப் பற்றி எழுதும் எவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

எலும்பு கிடந்த அடுக்கின் காலமே எலும்பின் காலம் என்று உடனே முடிவுகட்டுவதும் ஆபத்தானது. 1913இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் ஜெர்மானிய நிலவியலாளர் ஹான்ஸ் ரெக் முழு எலும்புக்கூடு ஒன்றை, மிகப் பழமையான இரண்டாம் அடுக்கில் கண்டார். அதைச் சுற்றியிருந்த மண்ணில் மேலடுக்குகளின் துகள்கள் கலந்திருப்பது பின்னர் தெரியவந்தது. பிற்கால மனிதர் குழி தோண்டி அங்கே புதைத்த உடல் அது. அதன் வயது ஏறத்தாழ 17 ஆயிரம் ஆண்டுகளே. மழை அரித்து மேற்பரப்பில் விட்டுச்சென்ற எலும்புகளிலும் இதே எச்சரிக்கை தேவை: எலும்பில் ஒட்டியிருக்கும் படிவு எந்த அடுக்குக்கு உரியது என்று பார்த்த பிறகே வயதைப் பேச முடியும்.

ஆழத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் பயன் தராது. நிலம் பிளந்து இறங்கும் இப்பகுதியில் ஒரே அடுக்கு ஓரிடத்தில் மேலேயும் அடுத்த இடத்தில் பல மீட்டர் கீழேயும் இருக்கும். சாம்பலின் வேதியியல் கலவையே இங்கு நம்பகமான அடையாளம். கூபி ஃபோராவின் துலு போர் சாம்பலும் தொலைவிலுள்ள ஹடாரின் சிடி ஹகோமா சாம்பலும் ஒரே வெடிப்பில் உண்டானவை என்பது அப்படித்தான் தெரிந்தது.

குறைந்தபட்ச வயதைச் சரியான வயதாக எழுதிவிடுவது செய்திகளில் அடிக்கடி காணும் பிழை. எத்தியோப்பியாவின் ஓமோ கிபிஷில் 1967இல் கிடைத்த நம் மனித இனத்தின் (ஹோமோ சேப்பியன்ஸ்) எலும்புகளுக்கு 2005இல் 1,95,000 ஆண்டுகள் என்று கணக்கிடப்பட்டது. அவற்றுக்கு மேலே கிடந்த சாம்பலை ஷாலா எரிமலையின் வெடிப்போடு பொருத்திய 2022ஆம் ஆண்டு ஆய்வு சுமார் 2,33,000 ஆண்டுகள் என்று சொன்னது. சாம்பல் மேலே கிடப்பதால், எலும்புகள் அதைவிடப் பழமையானவை என்று மட்டுமே அதற்குப் பொருள்.