சாக்லேட் நுரையில் ஒரு துப்பு: ரீஜென்சி காலத் துப்பறியும் நாவலைத் திட்டமிடும் முறை

ரீஜென்சி காலக் கதை எழுத உட்காருபவர்களில் பலர் கவுனிலும் நடனத்திலும் தொடங்கிவிட்டுக் கொலையைப் பிறகு ஒட்டவைக்கிறார்கள். அப்படி எழுதியதை எந்த ஊருக்கும் எந்த நூற்றாண்டுக்கும் மாற்றிவிடலாம். கொலை அந்தக் காலத்தில் மட்டுமே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாறுவேடம், பழிவாங்கல், சாக்லேட் மூன்றையும் வைத்து ஒரு மாதிரிக் கதையை இங்கே கட்டிப் பார்ப்போம்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியதால் அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த காலமே ரீஜென்சி. 1811 பிப்ரவரி 5 முதல் 1820 ஜனவரி 29 வரை, ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. "ஏறக்குறைய 1815" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்தைப் பிடியுங்கள். நம் கதைக்கு 1816 மே, இடம் லண்டன்.

வாட்டர்லூ போர் முடிந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. கலைக்கப்பட்ட படைகளின் ஆட்கள் வேலை தேடி அலைகிறார்கள். மே 2 அன்று இளவரசி சார்லட்டின் திருமணம். அதே மாதத்தில் நாகரிக உலகின் அரசனாக இருந்த பிரம்மெல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்ஸின் கலே நகருக்கு ஓடுகிறார். முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே சரியாக வரவில்லை. பின்னணிக்கு இதுவே தாராளம்.

இந்த மாதத்தைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. 1815 மார்ச்சில் லண்டன் சான்சரி லேனில் ஒரு குடும்பம் டம்ப்ளிங் என்ற மாவு உருண்டைகளைத் தின்று நோயுற்றது. யாரும் சாகவில்லை. ஆனாலும் சமையல்காரி எலைசா ஃபென்னிங்கை ஜூலை 26 அன்று தூக்கிலிட்டார்கள். மாவு உப்பவில்லை, கத்தி கறுத்துப்போனது, ஆகவே ஆர்செனிக் என்பதுதான் மருத்துவச் சாட்சியம். அவர் குற்றமற்றவர் என்று ஊரில் பலர் நம்பினார்கள். பத்து மாதம் கழித்து இன்னொரு வீட்டில் எசமான் நஞ்சுண்டு இறந்தால் எல்லாக் கண்களும் முதலில் எங்கே திரும்பும்? சமையலறைக்குத்தான். பழியைச் சமையல்காரி மீது போட நீங்கள் தனியாக எதுவும் ஜோடிக்க வேண்டியதில்லை.

படி 2: வஞ்சத்தின் காரணத்தைப் பத்து ஆண்டு பின்னால் வையுங்கள்

பழிவாங்கும் கதையில் சொதப்பலாகும் இடம் காரணம். "என் தந்தையை அவமானப்படுத்தினான்" என்பது போதாது. அக்காலச் சட்டமே செய்த அநியாயமாக இருந்தால் வஞ்சத்துக்குக் கனம் வரும். கடன் கொடுத்தவன் கடனாளியைச் சிறையில் போடலாம். கடன் தீரும்வரை அவன் உள்ளேயே கிடக்கலாம். நம் கதையில் 1806இல் ஒரு கணக்கர், தொழில் கூட்டாளி செய்த மோசடியால் மார்ஷல்சீ சிறைக்குப் போய் அங்கேயே இறக்கிறார். அந்தக் கூட்டாளிதான் இப்போது கொலையுண்ட செல்வந்தர். கணக்கரின் மகனுக்கு அப்போது 14 வயது, இப்போது 24. அவன்தான் நம் கொலைகாரன்.

செல்வந்தரின் பணம் டிரினிடாட் கோகோத் தோட்டத்திலிருந்து வரட்டும். அடிமை வணிகத்தை 1807இல் சட்டம் தடுத்தது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. ஆக 1816இல் அந்தக் கோப்பைக்குள் இருப்பது அடிமைகளின் உழைப்பு. இதைப் பாத்திரங்கள் அறிவார்கள். யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

படி 3: சாக்லேட்டை முதலில் அடுப்பில் வையுங்கள், பிறகு தாளில்

1816இல் சாக்லேட் கடித்துத் தின்னும் பண்டமல்ல, குடிக்கும் பானம். கொழுப்பைப் பிழிந்தெடுத்துக் கோகோத் தூள் செய்யும் வான் ஹௌட்டன் முறைக்கு 1828இல்தான் காப்புரிமை கிடைத்தது. ஃப்ரை நிறுவனத்தின் தின்னும் சாக்லேட் 1847இல் வந்தது. நாயகிக்கு நாயகன் சாக்லேட் பெட்டி பரிசளித்தால் கதை அங்கேயே போச்சு.

அன்று கடையில் கிடைத்தது, வறுத்த கோகோ விதையைக் கொழுப்போடு அரைத்து இறுக்கிய வில்லை. அதைச் சுரண்டிக் கொதிநீரிலோ பாலிலோ கரைத்து, சாக்லேட் ஜாடியில் ஊற்றுவார்கள். ஜாடியின் மூடி உச்சியில் ஒரு சிறு துளை. அதன் வழியே மரக்கழி. உள்ளங்கைகளுக்கிடையே கழியை உருட்டிக் கடைவார்கள். நம் வீட்டு மோர் மத்தேதான்.

ஒருமுறையாவது செய்து பாருங்கள். இரண்டு கோப்பைக்கு: சர்க்கரை சேராத 100 சதவீத சாக்லேட் 60 கிராம், தண்ணீர் 100 மி.லி., பால் 200 மி.லி., சர்க்கரை 30 கிராம், பட்டைத் தூள் ஒரு சிட்டிகை. சாக்லேட்டைத் துருவி, முதலில் வெந்நீரில் மட்டும் சிறு தீயில் கரையுங்கள். மொத்தப் பாலிலும் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். குழம்பானதும் பால், சர்க்கரை, பட்டை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறக்கி மூன்று நிமிடம் மத்தால் கடையுங்கள். கோகோத் தூளில் செய்தால் இந்தச் சோதனை வீண். கொழுப்பு மேலே மிதப்பதும் வண்டல் அடியில் தங்குவதும் தெரியாமல் போகும்.

இப்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது? கொழுப்பு நிறைந்த பானம் என்பதால் சீக்கிரமே அடங்கும். உங்களுக்குக் கிடைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கதையின் சாவி அதுதான்.

லண்டன் மாடிவீடுகளில் சமையலறை நிலவறையில் இருக்கும், படுக்கையறை இரண்டு மாடிக்கு மேலே. கீழே கடைந்த சாக்லேட் படியேறி, கதவைத் தட்டி, கோப்பையில் ஊற்றப்படும்போது நுரை படுத்திருக்க வேண்டும். நம் எசமான் இறந்த காலையில் கோப்பையில் நுரை ததும்பியது. அப்படியானால் படுக்கையறைக்குப் பக்கத்தில் யாரோ நஞ்சைக் கலக்க மறுபடி கடைந்திருக்கிறார்கள். மூடியைத் திறக்கவே வேண்டாம், துளை போதும். "மூடி இறுக்கமாகவே இருந்தது" என்று சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. சிலர் அக்காலத்தில் முட்டையும் சேர்த்துக் கடைந்தார்கள். முட்டை நுரையை நிறுத்திவைக்கும். உங்கள் சமையல்காரி முட்டை சேர்க்காதவள் என்பதை முன்பே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விவரம் அறிந்த வாசகர் ஒருவர் உங்கள் துப்பை உடைத்துவிடுவார்.

நஞ்சு வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக். எலிக்கென்று கேட்டால் எவருக்கும் விற்பார்கள். விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1851இல்தான் வந்தது. அளவு, அறிகுறிப் பட்டியல் எதுவும் கதைக்குத் தேவையில்லை.

படி 4: முகத்தை மாற்றாத மாறுவேடம்

ஒட்டுத்தாடி, பொய்முடி எல்லாம் மேடைக்கு. 1795இல் தலைமுடிப் பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தபின் கனவான்கள் பவுடரைக் கைவிட்டார்கள். 1816இல் வெள்ளைத் தலையோடு திரிபவர்கள் முதியோர், வழக்கறிஞர்கள், ஃபுட்மேன் என்ற சீருடைப் பணியாட்கள். கணக்கரின் மகன் ஃபுட்மேனாகட்டும். பவுடர் தலை, பொத்தான் வைத்த சீருடை, வெள்ளைக் கையுறை: பார்ப்பவர் சீருடையைத்தான் பார்ப்பார். பல வீடுகளில் ஃபுட்மேனின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். ஜான், தாமஸ் என்று வீட்டுக்கு வழக்கமான ஒரு பெயரால் கூப்பிடுவார்கள்.

உயரத்தை மறக்காதீர்கள். ஃபுட்மேனை உயரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். குள்ளமான ஆளையோ ஆண்வேடமிட்ட சிறு பெண்ணையோ அங்கே நிறுத்தினால் ஒட்டாது.

வேலைக்குச் சேர முன்னாள் எசமானின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். போலிச் சான்றுக்கு 1792 சட்டப்படி 20 பவுண்டு அபராதம். நம் ஆள் மதராஸில் இருக்கும் ஒரு படையதிகாரி எழுதியதாக ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறான். கேட்டு எழுதினால் கப்பல் போய்த் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு. யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கடிதத்தின் தேதி 1814. அக்கால இங்கிலீஷ் காகிதங்கள் பலவற்றில் நீர்க்குறியில் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளம்) ஆண்டும் இருக்கும். மெழுகுவர்த்திக்கு முன் பிடித்தால் 1815 என்று தெரிகிறது.

படி 5: யார் விசாரிப்பது?

லண்டனுக்கு மாநகரப் போலீஸ் 1829இல்தான் வந்தது. 1816இல் இருப்பவர்கள் திருச்சபை வட்டாரக் காவலர்கள், இரவுக் காவலர்கள், கூலிக்கு அமர்த்தப்படும் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்து ஆட்கள். முதலில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனரின் ஜூரி கூடும், பெரும்பாலும் பக்கத்து மதுக்கடை மாடியில். ஜூரிகள் பிணத்தை நேரில் பார்க்க வேண்டும்.

துப்பறிபவராக ஒரு விதவையை வையுங்கள். மணமான பெண்ணின் சொத்து கணவன் கையில்; விதவைக்குத்தான் பணமும் நடமாட்டமும் உண்டு. அவர் ஆல்பமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் சொற்பொழிவு கேட்பவர். அங்கே பெண்களும் போய் அமர்ந்தார்கள். ஆர்செனிக்கை உறுதியாகக் காட்டும் மார்ஷ் சோதனை 1836இல்தான் வரும், அதைக் கொண்டுவராதீர்கள். அயோடின் இருக்கிறது, மாவுப்பொருளை அது நீலமாக்கும் என்பது 1814இலேயே தெரியும். ஃபுட்மேனின் பெட்டியில் வெள்ளைத் தூள் கிடைக்கிறது. விதவை சோதிக்கிறார், நீலம்! மாவில் செய்த வெறும் முடிப்பவுடர். வாசகர் அவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நெருக்கடியைச் சட்டமே தருகிறது. வேலைக்காரி எசமானைக் கொன்றால் அது கொலையைவிடப் பெரிய குற்றம், 'சிறு துரோகம்'. இந்த வகைக் குற்றம் 1828வரை சட்டத்தில் இருந்தது. தீர்ப்பு வந்தால் மறுநாள் விட்டு அடுத்த நாள் தூக்கு. நடுவில் ஞாயிறு வந்தால் மட்டும் ஒரு நாள் கூடும். அவளுடைய வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், ஜூரியிடம் வாதாட முடியாது. அந்த உரிமை 1836இல் வந்தது. அவளே பேச வேண்டும்.

படி 6: துப்புகளைத் தூவும் விதம்

முப்பது அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். நுரை மூன்று முறை வரட்டும். முதல் அத்தியாயத்தில் வெறும் அழகாக, உதட்டில் ஒட்டும் நுரையாக. ஏழாவதில் கரோனர் முன் சமையல்காரி "நான்தான் கடைந்து அனுப்பினேன்" என்று சொல்லும்போது. பத்தொன்பதாவதில் விதவை தன் வீட்டுப் படிக்கட்டில் ஜாடியோடு ஏறிப் பார்க்கும்போது. முதல் இரண்டு இடங்களிலும் நுரையைப் பத்தியின் கடைசி வரியில் வைக்காதீர்கள், கண்ணை உறுத்தும்.

நுரை கொலைகாரனைக் காட்டாது, சமையல்காரியை மட்டும் விடுவிக்கும். மிஞ்சுபவர்கள் ஜாடியைச் சுமந்த ஃபுட்மேனும் ஊற்றிக் கொடுத்த அந்தரங்கப் பணியாளும். அவர்களைப் பிரிப்பது நீர்க்குறி. ஃபுட்மேனுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சிறு வேலை கொடுங்கள்: கதவு திறக்க, கரி போட. முதல் பத்து அத்தியாயத்தில் தலைகாட்டாதவன் கொலைகாரன் என்றால் வாசகர் புத்தகத்தை எறிவார்.

படி 7: பேச்சும் கடைசிச் சல்லடையும்

எசமான் வேலையாளை 'நீ' என்பார், வேலையாள் 'ஐயா', 'அம்மா', 'நீங்கள்'. ஃபுட்மேன் தன் தந்தையின் பெயரைச் சொல்லும் கட்டத்தில் மட்டும் அந்த 'நீங்கள்' 'நீ'யாக மாறட்டும். அதற்கு முன் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது.

எழுதி முடித்ததும் பொருள் பொருளாகத் தேடுங்கள். உரசும் தீக்குச்சி 1826க்குப் பிந்தியது. கடிதத்துக்கு உறை கிடையாது, தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். உள்நாட்டு அஞ்சலுக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுப்பார். சாவரின் தங்கக் காசு 1817இல் வந்தது. வாட்டர்லூ பாலத்தில் சந்திப்புக் காட்சி வைத்திருந்தால் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு மாற்றுங்கள்: முன்னது 1817 ஜூனில்தான் திறந்தது, பின்னதில் 1813 டிசம்பர் கடைசி நாளிலிருந்தே எரிவாயு விளக்கு எரிகிறது.